கைக்குழந்தை வீட்டில் சிக்கனம்: எதில் பிடிப்பது, எதில் விடுவது

குழந்தை பிறந்த வீட்டில் பணம் இரண்டு வழியாகப் போகிறது. ஒன்று, குழந்தையின் உடம்புக்குப் போவது: பருப்பு, முட்டை, நெய், தடுப்பூசி, ஆஸ்பத்திரி. மற்றொன்று, குழந்தையைக் காட்டி நம்மிடம் விற்கப்படுவது: மால்ட் பவுடர், வாக்கர், ஐந்து வகை சோப்பு, பிறந்தநாள் மேடை அலங்காரம். இரண்டாவதை வெட்டி முதலாவதற்குக் கொடுத்தால் அது சிக்கனம். பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. முதல் பிறந்தநாளுக்கு மண்டபம் பிடித்த கடனை அடைக்க, அடுத்த ஆறு மாதம் முட்டையும் பழமும் குறைகின்றன. பிறந்த நாள் முதல் ஐந்து வயது வரை, மாதச் சம்பளத்துக்குள் குழந்தை வளர்க்கத் தொடங்குகிறவர்களுக்கான வழிமுறை இது.

முதல் வேலை: முப்பது நாள் கணக்கு

ஒரு நோட்டு போதும். நான்கு பத்தி போடுங்கள்: தேதி, பொருள், ரூபாய், கேட்டது யார். நான்காவது பத்திதான் முக்கியம். அதில் நான்கு பதில்தான் வரலாம்: டாக்டர், குழந்தையின் தேவை, சொந்தக்காரர், போன். டாக்டர் எழுதிக் கொடுத்தது முதல் வகை. பசிக்கும் ஈரத்துக்கும் வாங்கியது இரண்டாவது. 'இதுகூட வாங்கித் தரலையா?' என்று யாரோ கேட்டதால் வாங்கியது மூன்றாவது. விளம்பரத்திலோ வீடியோவிலோ பார்த்து வாங்கியது நான்காவது. மாதக் கடைசியில் வகைவாரியாகக் கூட்டுங்கள். எங்கே வெட்டலாம் என்பதை மூன்றாவது, நான்காவது தொகைகளே சொல்லிவிடும்.

போனில் ஸ்கேன் செய்து கட்டுகிற இருபது முப்பது ரூபாய்தான் கணக்கிலிருந்து நழுவும். அன்றன்று இரவே எழுதிவிடுங்கள். வாரக் கடைசியில் உட்கார்ந்தால் பாதி மறந்துபோகும்.

அடுத்து, வருடத்துக்கு ஒரு முறை வரும் செலவுகளை (தனியார் தடுப்பூசி, காதுகுத்து, பள்ளிக் கட்டணம், தீபாவளித் துணி) கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, அந்தத் தொகையைச் சம்பள நாளிலேயே தனிக் கணக்கில் போடுங்கள். குழந்தைச் செலவில் கடன் வருவதற்குப் பெரும்பாலும் காரணம், முன்பே தெரிந்த செலவுக்கு முன்பே எடுத்து வைக்காததுதான்.

டயப்பரும் துணியும்

பிறந்த குழந்தைக்கு ஒரு நாளில் எட்டு முதல் பத்து முறை மாற்ற வேண்டியிருக்கும். போகப் போக ஆறுக்கு வரும். டயப்பர் ஒன்று 10 ரூபாய், நாளைக்கு ஆறு என்று வைத்தால் மாதம் 1,800 ரூபாய். பகலெல்லாம் துணி, இரவுக்கும் வெளியே போவதற்குமாக நாளைக்கு இரண்டு டயப்பர் என்றால் 600. மாதம் 1,200 ரூபாய் மிச்சம். இரவில் ஒரு டயப்பர் போடுவதைக் குறை சொல்லாதீர்கள். குழந்தையும் தாயும் தொடர்ந்து தூங்குவது அந்தப் பத்து ரூபாய்க்கு மேல் பெறும்.

துணிக்குக் கடைக்குப் போக வேண்டாம். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய பருத்தி வேட்டிதான் இதற்கு முதல்தரம். எட்டு முழ வேட்டி ஒன்றில் கரையைக் கத்தரித்துவிட்டு, 60 சென்டிமீட்டர் சதுரமாகக் கிழித்தால் பன்னிரண்டு துண்டு வரும். மூன்று வேட்டி இருந்தால் முப்பத்தாறு. வெயில் காலத்தில் முப்பது போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாற்பத்தைந்து இல்லாமல் சமாளிக்க முடியாது. பாலியெஸ்டர் கலந்த வேட்டியையும் சேலையையும் தொடாதீர்கள். அது ஈரத்தை உறிஞ்சாமல் வழியவிடும். சந்தேகமாக இருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் அந்தத் துணி ஆகாது. விட்டதும் பரவி மறைந்தால் நல்லது.

சதுரத்தை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்கி, நடுவில் நான்காக மடித்த இன்னொரு துண்டை வைத்துக் கட்டுங்கள். ஊக்கு வேண்டாம், நாடாவே போதும். முடிச்சு தொப்புளுக்குக் கீழே, பக்கவாட்டில் இருக்கட்டும். தொப்புள்கொடி விழும்வரை அதன் மேல் துணி ஏறக் கூடாது.

துவைப்பதில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். மலம் பட்ட துணியை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். எடுத்தவுடன் வெந்நீரில் போட்டால் கறை துணியிலேயே வெந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு அரை மணி ஊறவைத்து, வழக்கமாகப் போடும் சோப்புத் தூளில் பாதி போட்டுத் துவைத்து, நுரை வருவது முழுதும் நிற்கும்வரை அலசுங்கள். இரண்டு அலசு கட்டாயம், உப்புத் தண்ணீர் ஊரென்றால் மூன்று. கம்ஃபர்ட் மாதிரியான வாசனைத் திரவம் போட்டால் துணி உறிஞ்சும் தன்மையை இழக்கும். கிருமிநாசினித் திரவத்தைத் தினமும் ஊற்றுகிறார்கள். அது தங்கினால் தோல் எரியும். நேர் வெயிலில் காய்ந்தாலே போதும். மழைக்காலத்தில் மின்விசிறிக் காற்றில் காயவிட்டு, இஸ்திரி போட்டு மீதி ஈரத்தை எடுத்துவிடலாம். ஈரம் முழுதும் போகாத துணியை மடித்து வைத்தால் மறுநாள் புளித்த வாடை வரும். அப்படி வந்த துணியைத் திரும்பவும் துவைக்காமல் கட்டக் கூடாது.

இடுப்பில் சாதாரணச் சிவப்பு என்றால், கழுவி, ஒற்றி எடுத்து, கொஞ்ச நேரம் காற்றாடவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் அடங்கும். தொடை மடிப்புக்குள் பளீரென்று சிவந்து, சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளிகள் தெறித்தது போல் இருந்தால் அது பூஞ்சை. எண்ணெய் கேட்காது, டாக்டர் தரும் களிம்பு வேண்டும். பவுடர் எதற்குமே வேண்டாம். அந்தத் தூள் குழந்தையின் மூச்சுக்குள் போகும். மாதப் பட்டியலிலிருந்து உடனே அடிக்க வேண்டிய பொருள் அது.

டயப்பருக்குப் பதில் துணி கட்டுவதில் வரும் மிச்சம் யாரோ ஒருவர் உழைத்துக் கொடுப்பது. பிரசவமான உடம்போடு தினமும் பதினைந்து துணி துவைப்பது சின்ன வேலை அல்ல. வாளி அப்பாவின் கைக்கோ பாட்டி தாத்தா கைக்கோ போகாமல் தாயே துவைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், முதல் மூன்று மாதம் டயப்பரையே கூடுதலாகப் பயன்படுத்துங்கள். தாயின் இடுப்பு வலியை விலையாகக் கொடுத்துச் சேர்த்த பணத்தை லாபக் கணக்கில் எழுதக் கூடாது.

சாப்பாடு: இங்கே கஞ்சத்தனம் கூடாது

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். தண்ணீர்கூட வேண்டாம். அந்த ஆறு மாதமும் சாப்பாட்டுச் செலவைத் தாயின் தட்டில் வையுங்கள். டப்பா பால் டாக்டர் சொல்லித் தர வேண்டி வந்தால், டப்பாவில் அச்சடித்த அளவுப்படியே கலக்குங்கள். டப்பா இன்னும் நான்கு நாள் வரட்டும் என்று தூளைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுவது, வெளியே தெரியாமல் குழந்தையைப் பட்டினி போடுவது. வயிறு நிறைந்த மாதிரி தூங்கும், எடை ஏறாது. புட்டிக்குப் பதில் பாலாடையோ சின்னக் கிண்ணமும் கரண்டியுமோ வாங்கினால் செலவும் குறைவு, கழுவுவதும் எளிது. புட்டி நிப்பிளின் மடிப்பில் தங்குகிற பால்தான் பல வயிற்றுப்போக்குகளுக்குத் தொடக்கம்.

ஆறு மாதம் முடிந்ததும் குழைந்த சோறு, பாசிப்பருப்பு, ஒரு தேக்கரண்டி நெய். இரண்டு மூன்று மேசைக்கரண்டியில் தொடங்கி மெல்லக் கூட்டலாம். புதுப் பொருள் ஒன்றைத் தொடங்கினால் மூன்று நாள் அதையே கொடுத்துப் பார்த்த பிறகு அடுத்தது. ஒரு வயதுவரை உப்பும் சர்க்கரையும் வேண்டாம். தேன் கண்டிப்பாகக் கூடாது.

கடைச் சத்துமாவில் இருபத்தைந்து தானியம் என்று அச்சடித்திருப்பார்கள். அதில் ஏதாவது ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் எது என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஐந்தே பொருளில் வீட்டில் செய்யலாம்: கேழ்வரகு அரை கிலோ, புழுங்கல் அரிசி கால் கிலோ, பச்சைப்பயறு 150 கிராம், பொட்டுக்கடலை 100 கிராம், வேர்க்கடலை 100 கிராம். வேர்க்கடலையை முதலில் தனியாக அரைத்துத் துளித்துளியாகக் கொடுத்துப் பார்த்து, ஒத்துக்கொண்ட பிறகே மாவில் சேர்க்க வேண்டும்.

கேழ்வரகைக் கல் நீக்கிக் கழுவி, எட்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீர் வடித்து, ஈரப் பருத்தித் துணியில் தளர்வாகக் கட்டித் தொங்கவிடுங்கள். ஒரு நாளில் நூல் நுனி போல வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். அத்துடன் நிறுத்திவிட வேண்டும். முளை நீண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் வாடை மாறும். துணியை இறுக்கிக் கட்டினால் நடுவில் இருக்கிற தானியம் சூடேறிப் புளிக்கும். முளைத்ததை நிழலில் பரப்பி ஒன்றரை இரண்டு நாள் காயவிட்டு, ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பாருங்கள். கடுக்கென்று உடைய வேண்டும். பல்லில் அமுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது. அந்த ஈரத்தோடு அரைத்தால் பத்தே நாளில் மாவு கட்டியாகி, வண்டு விழும்.

ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சிறு தீயில் வறுக்க வேண்டும். சேர்த்து வறுத்தால் பயறு சிவப்பதற்குள் கேழ்வரகு கருகும். வேர்க்கடலையில் சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை பிடித்தது, கசப்பது எதுவானாலும் எறிந்துவிடுங்கள். அதை வறுத்தாலும் நஞ்சு போகாது. மாவு மில்லில் மிளகாய்க்குப் பிறகு போடாமல், அரிசியோ கோதுமையோ அரைத்த கையோடு போடச் சொல்லுங்கள். அரைத்து வந்த மாவு சூடாக இருக்கும். அதை அப்படியே டப்பாவில் அடைத்தால் மூடிக்கு உள்ளே ஆவி கோத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் தாம்பாளத்தில் ஆறவிட்டு அடையுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் வருமளவு அரைக்க வேண்டாம்.

கஞ்சிக்கு இரண்டு மேசைக்கரண்டி மாவை ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கிளறிக்கொண்டே எட்டு முதல் பத்து நிமிடம் காய்ச்சுங்கள். கரண்டியைச் சாய்த்தால் மெதுவாகச் சரிந்து விழ வேண்டும், தண்ணீராக ஓடக் கூடாது. முளைகட்டிய மாவு லேசில் கெட்டியாகாது என்பதால், நீர்க்க விடாமல் கூடுதல் மாவு போட முடியும். அதற்காகத்தான் முளைகட்டுகிற இவ்வளவு வேலையும். இறக்கும்போது ஒரு தேக்கரண்டி நெய்யோ தேங்காய் எண்ணெயோ.

ஒரு வயதுக்கு மேல் பால் நாளைக்கு 400 முதல் 500 மில்லி போதும். அதற்கு மேல் குடிக்கிற குழந்தை சோற்றைத் தள்ளிவிடும், இரும்புச்சத்தும் குறையும். அந்தக் கூடுதல் பாலுக்குப் போகிற பணத்தில் தினம் ஒரு முட்டை வாங்கலாம். மால்ட் பவுடரில் பெரும்பகுதி சர்க்கரை. 2024 ஏப்ரலில் ஒன்றிய அரசின் வணிக அமைச்சகம், இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் வைத்து விற்க வேண்டாம் என்று மின்வணிகத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. முருங்கைக்கீரை, சின்ன வெங்காயம் வதக்கிய முட்டை, பப்பாளி, வாழைப்பழம், கடலை உருண்டை: வீட்டுப் பக்கத்திலேயே கிடைப்பவை இவை. கடலை உருண்டையை மட்டும் ஐந்து வயதுவரை பொடித்துக் கொடுங்கள். முழுக்கடலை மூச்சுக்குழாயில் சிக்கும்.

அங்கன்வாடியில் பெயரைப் பதிந்துவிடுங்கள். 'அது நமக்கில்லை' என்று ஒதுங்கும் நடுத்தரக் குடும்பங்கள் இழப்பது அதிகம். மூன்று வயதுவரை வீட்டுக்குச் சத்துமாவு, மையத்துக்கு வரும் குழந்தைக்கு மதிய உணவு, வாரத்தில் மூன்று நாள் முட்டை, மாதாமாதம் எடை பார்ப்பது எல்லாம் அங்கே உண்டு. மற்றது எப்படியானாலும் எடை பார்க்கவாவது போங்கள். சிக்கனம் எல்லை மீறுகிறதா என்று சொல்லக்கூடியது, மாதாமாத எடையைக் குறித்து வரையும் அந்தக் கோடு. இரண்டு மாதம் தொடர்ந்து ஏறாமல் நின்றால், வெட்டிய செலவுகளில் ஏதோ ஒன்று தவறான இடத்தில் வெட்டப்பட்டிருக்கிறது.

ஊசி, மருந்து

அரசு அட்டவணையில் உள்ள தடுப்பூசிகள் எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்: பிறந்தவுடன் பி.சி.ஜி., போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி. 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட், ரோட்டா, போலியோ. 9 மாதத்திலும் ஒன்றரை வயதையொட்டியும் தட்டம்மை–ரூபெல்லா. தனியாரில் பல ஆயிரம் ரூபாய் ஆகிற நிமோகாக்கல் தடுப்பூசியும் 2021 முதல் இங்கே இலவசமாகவே போடப்படுகிறது. பல ஊர்களில் புதன்கிழமைதான் ஊசி நாள். காலை வெயில் ஏறுவதற்குள் போய்விட்டால் காத்திருப்பு குறையும். ஊசி போட்ட இரவு காய்ச்சல் வரலாம், தொடை வீங்கலாம். ஒன்றிரண்டு நாளில் போய்விடும். ஃப்ளூ, சின்னம்மை, டைபாய்டு ஊசிகள் அட்டவணையில் இல்லை. குழந்தை மருத்துவரிடம் கேட்டு, தேவையானவற்றுக்கு அந்தத் தனிக் கணக்கிலிருந்து எடுங்கள்.

வயிற்றுப்போக்குக்கு அரசு நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் இலவசம். பெரிய பொட்டலம் முழுவதையும் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரே தடவையாகக் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம், ஒரு தம்ளர் என்று கண் அளவில் கலப்பதுதான் வழக்கமான தவறு. உப்பு கூடிப்போனால் ஆபத்து. கரைத்ததை 24 மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். துத்தநாகம் போக்கு நின்றாலும் பதினான்கு நாள் கொடுக்க வேண்டும். ஆறு மணி நேரம் சிறுநீர் இல்லை, கண் குழிந்துவிட்டது, சோர்ந்து கிடக்கிறது, மலத்தில் ரத்தம் என்றால் உடனே ஆஸ்பத்திரி. ஆட்டோ காசு பார்க்கிற நேரமில்லை அது.

பாராசிட்டமாலில் ஒரு விஷயம். சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம், சிரப்பில் ஐந்து மில்லிக்கு 125 அல்லது 250 மில்லிகிராம். சிரப்புக்குச் சொன்ன ஐந்து மில்லியைச் சொட்டு மருந்தில் கொடுத்துவிட்டால் 500 மில்லிகிராம் போய்விடும். பக்கத்து வீட்டில் மிஞ்சியதை வாங்கிக் கொடுக்காதீர்கள். குழந்தையின் எடைக்கு டாக்டர் எழுதிய அளவு, அந்தப் பாட்டிலுக்கு மட்டுமே பொருந்தும்.

பழையது வாங்கலாம், வாங்கக் கூடாது

துணிமணி, புத்தகம், ஸ்டீல் சாமான், மர நடைவண்டி எல்லாம் அக்கா வீட்டிலிருந்து, பக்கத்து வீட்டிலிருந்து வரட்டும். குழந்தைத் துணியில் புதிதாக வாங்குவதென்றால் ஒரு அளவு பெரிதாக எடுங்கள். முதல் வருடத்தில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு அளவு மாறிவிடும். ஹெல்மெட், கார் சீட், வண்ணம் உதிரும் தொட்டில் இவை மட்டும் பழையது வேண்டாம். தூளி கட்டுகிற வீட்டில் மாதம் ஒரு முறை கொக்கியையும், சேலை மடிந்து கயிற்றில் உரசுகிற இடத்தையும் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். அந்த மடிப்பில்தான் முதலில் நூல் விடும்.

சக்கரம் வைத்த பிளாஸ்டிக் வாக்கரை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நடையைத் தாமதப்படுத்தும், படியில் கவிழ்க்கும். கனடாவில் 2004-இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். நின்று தள்ளுகிற மர நடைவண்டி வேறு, அது நல்லது. பொம்மைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள், 2021 ஜனவரியிலிருந்து கட்டாயம். பொத்தான் பேட்டரி போட்டது எதுவும் மூன்று வயதுக்கு முன் வேண்டாம். அம்பாசமுத்திரம் மரச் செப்புச் சாமானோ, வீட்டு டம்ளரும் தட்டும் பருப்பு டப்பாவுமோ இரண்டு வயதுக் குழந்தையைப் பொழுதெல்லாம் பிடித்து வைக்கும். புத்தகத்துக்கு நூலகம். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அரசுப் பேருந்தில் ஐந்து வயதுவரை டிக்கெட் கிடையாது.

விசேஷம்

முதல் மூன்று வருடத்தில் கையைக் கடிக்கிற பெரிய செலவு இதுதான். மொட்டையையும் காதுகுத்தையும் ஒரே நாளில் குலதெய்வக் கோயிலில் வைத்துவிட்டால் இரண்டு பந்தி ஒரு பந்தியாகும். முன்கூட்டியே தாய்மாமனிடம் பேசுங்கள்: 'மாமா, சீர்த் தட்டு குறைச்சலா இருந்தாப் பரவாயில்ல, அந்தப் பணத்தைப் பாப்பா பேர்ல போட்டுடலாம்.' அவருக்கும் அது நிம்மதிதான், ஆனால் அவர் வாயால் சொல்ல முடியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

காகிதமும் சேமிப்பும்

கர்ப்பமானவுடன் கிராம அல்லது நகர சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) வாங்குங்கள். தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகைக்கும் பிறப்புப் பதிவுக்கும் அது வேண்டும். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. ஒரு வருடத்துக்குள் பெயர் சேர்த்தாலும் கட்டணம் இல்லை. பெயரின் எழுத்தும் முன்னெழுத்தும் பிறப்புச் சான்றிலும் ஆதாரிலும் ஒன்றாக இருக்கட்டும். பின்னால் திருத்தப் போனால் அரை நாள் கூலி ஒவ்வொரு முறையும் போகும். 1.10.2023 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை வரை பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றே ஆதாரம்.

சேமிப்பில் வரிசை முக்கியம். முதலில் மூன்று மாதச் செலவு கையில். பிறகு சம்பாதிக்கிறவர் பேரில் டெர்ம் இன்ஷூரன்ஸ் (அவர் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு), குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை. இவற்றுக்கெல்லாம் பிறகுதான் குழந்தை பேரில் போடுவது. பெண் குழந்தைக்கு அஞ்சலகத்தில் செல்வமகள் திட்டம், வருடம் 250 ரூபாயிலேயே தொடங்கலாம், பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும். அந்தப் பணம் நீண்ட காலம் பூட்டிக் கிடக்கும். கைச்செலவுப் பணத்தை அங்கே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வட்டிக்கு வாங்கக் கூடாது.

பள்ளிக்குப் போகும் வயதில், ஜூலை 31 அன்று மூன்று வயது நிறைந்த குழந்தைக்குத் தனியார் பள்ளி எல்.கே.ஜி.யில் கல்வி உரிமைச் சட்டப்படி 25 சதவீத இடத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருப்பவர்கள், வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள பள்ளிகளைப் பாருங்கள். வருமானச் சான்றும் இருப்பிடச் சான்றும் பொங்கல் முடிந்ததுமே எடுத்து வையுங்கள். அறிவிப்பு வந்த பிறகு இ-சேவை மையத்தில் வரிசை நீளும். அரசுத் தொடக்கப் பள்ளி என்றால் ஒன்று முதல் ஐந்து வரை காலை உணவும் மதிய உணவும் அங்கேயே. சேர்க்குமுன் ஒரு நாள் காலை எட்டரை மணிக்குப் போய், குழந்தைகள் சாப்பிடுவதையும், கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்பதையும், ஒரு வகுப்புக்கு எத்தனை பேர் என்பதையும் நேரில் பாருங்கள்.